சர்க்கரைக் கிணறு

எங்கள் தெருவில் கிணறு இல்லாத வீடு கிடையாது. முன்கட்டில் தறி, பின்கட்டில் கிணறு. ஆனால் அந்தக் கிணறுகளின் தண்ணீரை யாரும் குடித்ததில்லை. குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ மட்டும்தான். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். குடிப்பதற்கென்று தெருக்கோடி வீட்டில் ஒரு கிணறு இருந்தது. சர்க்கரைக் கிணறு என்று பெயர். அதில் சர்க்கரை எதுவும் இல்லை. உப்பு இல்லை, அவ்வளவுதான். சுற்றிலும் உப்பாக இருந்ததால் அது சர்க்கரையாகிவிட்டது.

காலையில் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டும் வேலை முடிந்து தெரு காலியானதும், பெண்கள் செப்புக் குடங்களோடு அந்த வீட்டுப் பின்வாசலில் நிற்பார்கள். அந்த வீட்டு அம்மாள் கயிற்றை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். தானே இறைத்து, தானே ஒவ்வொரு குடத்திலும் ஊற்றுவார். தெருவில் விளையாடும் பிள்ளைகளையும் விடமாட்டார். கூப்பிட்டு நிறுத்தி, சொம்பைச் சாய்த்து ஊற்றுவார். நாங்கள் குனிந்து, கையைக் குவித்துக் குடிப்போம். தாகம் இருக்கிறதா இல்லையா என்பது எங்கள் விஷயம் அல்ல. அவர் கையால் ஒரு வாய் குடிக்காமல் அந்த வாசலைத் தாண்ட முடியாது. கார்த்திகை மழையில் குடை பிடித்துக்கொண்டு போனாலும் இதே கதைதான்.

அவர்தான் என் அத்தையின் மாமியார்.

அத்தை என் அப்பாவுக்குத் தங்கை. கல்யாணமாகித் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனவள். நான் சொல்லும் கோடையில், அறுபதுகளின் கடைசியில், திரும்பவும் இந்தக் கோடிக்கே வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். முந்தைய மழைக்காலத்தில் தெருவில் பலருக்கு வாந்தியும் பேதியும் வந்தன. பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். அத்தையின் எட்டு மாதப் பையன் எழவில்லை.

குழந்தைக்கு உடம்புக்கு வந்த முதல் நாளே மாமியார் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தாய்ப்பாலில் தோஷம். பாலை நிறுத்தச் சொல்லிவிட்டு, குழந்தையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரையைக் கரைத்துப் பாலாடையால் புகட்டிக்கொண்டே இருந்தார். மடியைவிட்டு இறக்கவே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். குழந்தை போனபிறகு, “அவ பால்தான் கொன்னுடுச்சி” என்றார். ஒரு தடவைதான் சொன்னார். எங்கள் தெருவில் எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

மாமா கெட்டவர் அல்ல. எப்போதாவது எங்கள் வாசல் வரை வந்து, அப்பாவோடு ஜரிகை விலையைப் பேசிவிட்டு, உள்ளே பார்க்காமல் திரும்பிப் போவார். அவர் வந்திருக்கும்போது உள்ளே அத்தையின் தறிச் சத்தம் மட்டும் வேகமாகக் கேட்கும். அவர் போனதும் அம்மா ஆரம்பிப்பாள். “என்னிக்காவது ஒரு நாள் அந்தம்மா இந்த வாசப்படி மிதிக்கும். அன்னிக்கு இருக்குது.” அன்றைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் நிறையத் தயாராக இருந்தது. மாவு ஆட்டும்போது அவ்வப்போது அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

அத்தை எதுவும் சொல்ல மாட்டாள். என் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு மட்டும் போக மாட்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை எங்கள் வீட்டில் இருப்பது எனக்குப் பெரிய லாபம் என்பதைத் தவிர அதில் வேறு என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததில்லை.

வைகாசியில் கருட சேவை வரும். ஊர் கொள்ளாத கூட்டம் கூடும். தெருவுக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். எங்கள் தெருப் பந்தலுக்குச் சர்க்கரைக் கிணற்றுத் தண்ணீர்தான். அந்த வருஷம், திருவிழாவுக்கு முன்னால் பந்தல் போடும் தெருக்களின் கிணறுகளைப் பரிசோதிக்க மெட்ராசிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். ஏதோ ஓர் ஆபீசு. கையில் ஒரு மரப்பெட்டி. அது நிறையக் கண்ணாடிப் பாட்டில்கள். தலைச்சுமையாக ஆள் தூக்கிவந்த இன்னொரு தகரப்பெட்டியில் மரத்தூளும் ஐஸும். தெரு அன்றைக்கே அவருக்குப் பாட்டில்காரர் என்று பெயர் வைத்துவிட்டது.

பஜனை மடத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு ஒரு காலிப் பாட்டில் கொடுத்தார். கிணறுகள் எல்லாம் பின்கட்டில், அடுப்படியைத் தாண்டி. வெளி ஆண்பிள்ளை அங்கே போக முடியாது. அதனால் வீட்டுப் பெண்களே அவரவர் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுவந்து தரவேண்டும் என்று ஏற்பாடு. பெண்கள் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அத்தை நகரவில்லை.

“இத எடுத்துக்கினு போய் இன்னா சார் பண்ணுவீங்க?”

“நல்ல தண்ணியா கெட்ட தண்ணியான்னு பார்ப்போம்மா.”

“பார்த்துட்டு?”

“ரிப்போர்ட் எழுதி மேல அனுப்புவோம்.”

“எங்களுக்கு?”

“மேலேருந்து உங்களுக்குச் சொல்லுவாங்க.”

“மழைக்கு அப்புறம் ஒருத்தர் வந்து இதே மாதிரி எடுத்துக்கினு போனாரு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.”

அவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். “முதல்ல மேல போய்த்தாம்மா கீழ வரணும். அதுதான் முறை.”

“மேல அனுப்பறதுக்குக் கீழருந்துதான சார் மொள்றீங்க” என்றாள் அத்தை.

தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சாயக்காரர் சிரித்துவிட்டார். எங்கள் எதிர்வீடு. பட்டுக்குச் சாயம் போடுகிறவர். கை இரண்டும் மணிக்கட்டு வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். அன்றைக்குப் பச்சை.

பாட்டில்காரர் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தார். ஐஸ் இருந்த இடத்தில் மரத்தூள் மிதக்கும் தண்ணீர் இருந்தது. ஐஸில் வைக்காமல் இந்த வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோனால் தண்ணீர் வழியிலேயே கெட்டுவிடும், பரிசோதித்துப் பயனில்லை என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

“இங்கயே பார்க்க முடியாதா?” என்றாள் அத்தை.

முடியும். மருந்துப் பாட்டில்கள் பெட்டியில் இருந்தன. ஆனால் தண்ணீரை அதில் கலந்து இரண்டு நாள் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஆபீசில் ஒரு மின்சாரப் பெட்டி இருக்கிறது என்றார்.

“கத்திரி வெயில்ல காஞ்சிபுரமே அந்தப் பெட்டிதான் சார்” என்றார் சாயக்காரர்.

பாட்டில்காரர் மடத்தின் உள் அறைக்குள் போய் நின்று பார்த்தார். ஒரு வெப்பமானியைச் சுவரில் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சரி, இங்கேயே வைக்கலாம் என்றார்.

மருந்துப் பாட்டிலில் இருந்தது கத்திரிப்பூ நிறத்தில் ஒரு திரவம். அதற்குள் விரலளவு கண்ணாடிக் குழாய் ஒன்று தலைகீழாக நின்றது. மனிதக் கழிவு கலந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கும். அவை இந்த மருந்தைத் தின்று பெருகும்போது நிறம் மஞ்சளாக மாறும், குட்டிக் குழாய்க்குள் காற்றுக் குமிழி சேரும் என்றார். நல்ல தண்ணீர் என்றால் கத்திரிப்பூ கத்திரிப்பூவாகவே இருக்கும்.

“இந்தச் சாயம் பட்டுல நிக்குமா சார்?” என்றார் சாயக்காரர்.

“நிக்காதுங்க.”

“அப்ப சர்க்கார் சாயம்.”

அத்தை சிரிக்கவில்லை. “நெறம் மாறுறத யார் வேணா பார்த்துத் தெரிஞ்சிக்கலாமா? படிச்சவங்கதான் பார்க்கணும்னு இல்லியே?”

“கண்ணு இருந்தா போதும்மா.”

அவர் பாட்டில்களில் நம்பர் ஒட்டத் தொடங்கினார். அத்தை அதற்கும் குறுக்கே வந்தாள். எந்த நம்பர் எந்த வீடு என்று அவருக்கு மட்டும்தானே தெரியும்? நிறம் மாறினாலும் யார் கிணறு என்று தெருவுக்கு எப்படித் தெரியும்? நம்பர் பாட்டுக்கு நம்பர் இருக்கட்டும், வீட்டுக்கு ஒரு நிறத்தில் பட்டு நூலைக் கழுத்தில் கட்டிவிடலாம் என்றாள். நெசவுத் தெருவில் அதற்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு தறியடியிலும் கிடக்கும் துண்டு நூலைப் பொறுக்கிவர என்னை அனுப்பினாள். எங்கள் வீட்டுக்கு மயில் கழுத்து. சாயக்காரர் வீட்டுக்குக் கிளிப்பச்சை. சர்க்கரைக் கிணற்று வீட்டுக்கு அரக்கு. அந்த நூலை மாமியாரே எடுத்துக் கொடுத்தார். யார் கேட்டனுப்பியது என்று என்னிடம் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

நூல் பொறுக்க எங்கள் வீட்டுக்கு நான் போனபோது அம்மா பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் அல்ல, அடுப்படியில். செப்புக் குடத்தைச் சாய்த்து, புனல் வைத்து, சிந்தாமல் ஊற்றினாள்.

“நம்ம கிணத்துத் தண்ணிதானே சார் கேட்டாரு?” என்றேன்.

“அத வாயில வெச்சா துப்புவாங்க. ஒரு ஆபீசர் கையில அதயா குடுக்கறது? வந்தவங்களுக்கு வூட்ல இருக்கற நல்லத குடுக்கணும்டி.”

எனக்கு நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு யாராவது வந்தால் நமக்கு உடைந்த அப்பளம், அவர்களுக்கு முழு அப்பளம். அதுபோலத்தான் இதுவும்.

சாயங்காலத்துக்குள் எல்லாப் பாட்டில்களும் வந்துவிட்டன. பாட்டில்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஒவ்வொன்றையும் மருந்தில் கலந்தார். மடத்தின் உள் அறையில் பலகை போட்டு வரிசையாக நிறுத்தினார். அறைக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அத்தை சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாள். கம்பி வைத்த சன்னல். கையை விட முடியாது, பார்க்கலாம்.

தெருவே பார்த்தது. தறியில் பாதி இழையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். மறுநாள் மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு பாட்டிலின் அடியில் லேசாக வெளுப்பு. சாயக்காரர் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். “கிளிப்பச்ச நூலு, என் வூடு, கலங்குது. மயில் கழுத்து கலங்குது. வெங்காயத்தோல் நூலு... அதுவும்தான்பா.” அவருக்கு யாரும் ரிப்போர்ட் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் முடிந்து பாட்டில்காரர் கதவைத் திறந்தபோது மடம் நிறையக் கூட்டம். பலகையில் ஒரு வரிசை எலுமிச்சம்பழ மஞ்சள். ஒவ்வொன்றின் குட்டிக் குழாயிலும் குமிழி. வரிசையின் நடுவில் ஒரே ஒரு பாட்டில் மட்டும் கத்திரிப்பூவாகவே நின்றது. அதன் கழுத்தில் அரக்கு நூல்.

அத்தையின் மாமியார் முன்வரிசையில் நின்றிருந்தார். சத்தம் போடவில்லை. அவர் எப்போதுமே சத்தமாகப் பேசுகிறவர் அல்ல.

“பெருமாள் பந்தலுக்குப் போற தண்ணி. கெட்டதா இருக்குமா?” என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், “தண்ணி சுத்தம்னு தெரிஞ்சிடுச்சி. எது சுத்தமில்லன்னு இனிமே நான் வாயத் தொறந்து சொல்ல வேணாம்” என்றார்.

அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரிசோதனையை இங்கேயே வைக்கச் சொன்னதும், நூல் கட்டச் சொன்னதும், சன்னலைத் திறக்கச் சொன்னதும் அவள்தான். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் வேறு எங்கேயோ பார்ப்பதற்குச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலருகே மாமா நின்றிருந்தார். அவர் தரையைப் பார்த்தார்.

எனக்கு அந்த நேரத்தில் ஒரே கவலை எங்கள் கிணறு. அந்த ஒரு கிணற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் மருந்து கலக்க வேண்டும், அதுவரை யாரும் புழங்கக் கூடாது என்று பாட்டில்காரர் சொல்லத் தொடங்கியிருந்தார். எங்கள் கிணற்றில் நான் ஆமைக்குட்டி ஒன்றை விட்டிருந்தேன். மருந்து போட்டால் அது என்ன ஆகும்?

“சார், எங்க பாட்டில்ல இருக்கறது எங்க கிணத்துத் தண்ணி இல்ல.”

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். தாமதமாகிவிட்டது.

“பின்ன எந்தத் தண்ணி?”

“செப்புக் குடத்துத் தண்ணி. ஆயா வூட்டுக் கிணத்துலருந்து காலைல எடுத்துக்கினு வந்தது.”

தெருப் பிள்ளைகளுக்கு அத்தையின் மாமியார் ஆயாதான். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

பாட்டில்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “உப்புத் தண்ணிய எப்டி சார் குடுக்கறது, மரியாதையா இருக்குமா?” என்றாள்.

பிறகு சாயக்காரர் மனைவி, “எங்க வூட்லயும் குடத்துத் தண்ணிதான்” என்றாள். “இன்னாடி சொல்ற?” என்றார் சாயக்காரர். “இன்னா சொல்றது, உங்க கைய கழுவற தண்ணிய சர்க்காருக்குக் குடுக்கச் சொல்றீங்களா?” பின்னாலிருந்து ஒரு குரல், நாங்களும் அதான். இன்னொரு குரல். கடைசியில், அவரவர் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்த வீடு அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை என்று ஆனது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே எல்லோரும் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்திருந்தார்கள்.

பாட்டில்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் வரிசையையும், நடுவில் நிற்கும் கத்திரிப்பூவையும் பார்த்தார். “எல்லாம் ஒரே கிணறுன்னா இது மட்டும் ஏன் மாறல?” என்றார். அவர் தன்னைத்தான் கேட்டுக்கொண்டார். அத்தைதான் தூணை விட்டுவிட்டு வந்தாள்.

“நீங்க எந்தத் தண்ணி ஊத்துனீங்க அத்த?”

எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அவள் மாமியாரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“எங்க கிணத்துத் தண்ணிதான். வேற எது?”

“மொண்டு அப்டியே ஊத்துனீங்களா?”

“அப்டியே எப்டி ஊத்துவேன்? பட்டணத்துக்குப் போற தண்ணி. அங்கல்லாம் காய்ச்சித்தான் குடிப்பாங்களாமே. நல்லா தளதளன்னு காய்ச்சி, ஆறவெச்சி, வெள்ளத்துணியில வடிகட்டி...”

அவர் அங்கே நிறுத்தினார். பாதியில் நிறுத்திய வாய் மூடவில்லை. அத்தை அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். குழந்தைக்குப் புகட்டிய தண்ணீரைப் பற்றி, கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கேள்விதான் அது.

பாட்டில்காரர் மெதுவாகப் பேசினார். காய்ச்சினால் கிருமி செத்துவிடும், அதனால்தான் அது மாறவில்லை, ஆனால் இப்போதைக்கு மற்ற எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, கிணறு நன்றாக இருந்து வீட்டுக் குடங்களில் அழுக்கு இருந்திருக்கலாம், அப்படியும் மஞ்சளாகும் என்றார். பல பேர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். செப்புக் குடம்தான், புளி போட்டுத் தேய்க்கிறதில்லை, பாசி பிடிச்சிருக்கும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மாமாவும் ஏதோ சொல்ல வந்தார். மாமியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒரு பாட்டில் குடு தம்பி. வா, நீயே வந்து பாரு. இப்பவே மொண்டு தரேன். காய்ச்சாம.”

அந்தத் தெருவில் ஒரு வெளி ஆண்பிள்ளை அடுப்படியைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனது அன்றைக்குத்தான். பின்னாலேயே பாதித் தெரு போனது. அத்தை வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு அவளும் உள்ளே வந்தாள். பாட்டில்காரர் கிணற்றைச் சுற்றி வந்தார். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். ஒட்டியே துவைக்கிற கல். கல்லிலிருந்து வழிகிற தண்ணீர் போகும் வாய்க்கால், கிணற்றுச் சுவரின் ஒரு விரிசலருகே கறுத்துத் தேங்கியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மாமியார் வாளியை இறக்கினார். இறைத்தார். சின்னப் பாட்டில் வாயில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினார். கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். முந்தானை முடிச்சிலிருந்து அரக்கு நூலை எடுத்து, பாட்டிலின் கழுத்தில் தானே கட்டினார். பின்வாசலில் குடங்களோடு நின்றிருந்த பெண்களிடம், “இன்னிக்கு இல்லமா. போங்க” என்றார்.

அந்த ஒரு பாட்டில் மட்டும் பலகையில் நின்றது. இந்தத் தடவை சன்னலில் கூட்டம் இல்லை. போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். சாயக்காரர்கூட நிறம் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பொழுது விடிந்ததும் அத்தை என்னையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு மடத்துக்குப் போனாள். எங்களுக்கு முன்னாலேயே மாமியார் அங்கே இருந்தார். இரண்டு கையாலும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் நுனிக்காலில் எக்கிப் பார்த்தேன். மஞ்சள். மற்றப் பாட்டில்களைவிட நல்ல மஞ்சள். குழாய் நிறையக் குமிழி.

யார் முதலில் பேசுவார்கள் என்று நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அம்மா மாவாட்டும்போது சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். அத்தைக்கு மறந்திருந்தால் எடுத்துக்கொடுக்கலாம் என்றிருந்தேன்.

மாமியார் கம்பியை விடாமலே, “உன் பால்ல ஒண்ணும் இல்லமா” என்றார்.

அத்தை அவர் பக்கத்தில் போய், அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டில்காரர் வந்து கதவைத் திறந்து, தெரு கூடியபிறகு, மாமியார் இரண்டாவது தடவை சொன்னார். “கேட்டுக்கோங்க எல்லாரும். அவ பால்ல ஒண்ணும் இல்ல. தண்ணிதான். எங்க தண்ணிதான்.” இந்தத் தடவை சத்தமாகவே சொன்னார். அதன்பிறகு யாரும் கொஞ்ச நேரம் கலையவில்லை. பாட்டில்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே மாமா வந்தார். வாசலில் நிற்காமல் உள்ளே வந்தார். அத்தை துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு அவரோடு புறப்பட்டுவிட்டாள். ஒரு சண்டை இல்லை, ஒரு கேள்வி இல்லை. அம்மா சேர்த்துவைத்திருந்தது அவ்வளவும் வீணாகப் போயிற்று. “இவ்ளோ பட்டுட்டு, ஒரு வார்த்த கேக்காம போறா பாரு” என்று ராத்திரி அப்பாவிடம் சொன்னாள். அப்பா, “கேட்டா அந்தம்மா இன்னா பதில் சொல்லும்?” என்றார். எனக்கு அம்மா கட்சிதான் சரி என்று பட்டது. போதாக்குறைக்கு அத்தையும் போய்விட்டாள்.

பாட்டில்காரர் இன்னொரு தடவை வந்தார். துவைக்கிற கல்லைத் தள்ளிப் போடச் செய்தார். விரிசலைப் பூசி, கைப்பிடிச் சுவரை உயர்த்தி, கிணற்றில் மருந்து போட்டார்கள். அந்த வருஷக் கருட சேவைக்கு எங்கள் தெருப் பந்தலில் அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொடுத்தார்கள். எவ்வளவு ஆறவைத்தும் அந்த வெயிலில் வெதுவெதுப்பு போகவில்லை. வெந்நீர்ப் பந்தல் என்று பக்கத்துத் தெருக்காரர்கள் சிரித்தார்கள். மேலே போன ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அது கீழே வரவே இல்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

மழை முடிந்தபிறகு மறுபடி பாட்டில் வைத்துப் பார்த்தார்கள். கத்திரிப்பூ. சாயக்காரர் ஒவ்வொரு சன்னல் கம்பி வழியாகவும் தனித்தனியாகப் பார்த்து உறுதி செய்தார். பெண்கள் பழையபடி குடங்களோடு போனார்கள். ஆனால் இப்போது கயிறு பொதுவாகிவிட்டது. வந்தவர்கள் அவரவரே இறைத்துக்கொள்ள வேண்டும். அத்தையின் மாமியார் கிணற்றடிப் பக்கம் வருவதில்லை. பாட்டிலில் ஊற்றியதுதான் அவர் கையால் ஊற்றிய கடைசித் தண்ணீர். வாசலில் ஓடும் எங்களையும் கூப்பிடுவதில்லை. தாகம் என்று நாங்களாகப் போய் நின்றால், “உள்ள இருக்குது. நீயே மொண்டு குடிமா” என்பார். பிள்ளைகள் நாங்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கிணற்றைக் குறை சொன்னதில் ஆயாவுக்குத் தெருவின் மேல் கோபம்.

அடுத்த வருஷம் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாலைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவதும், சாம்பிராணி காட்டுவதும், தோளில் போட்டுத் தூங்கவைப்பதும் எல்லாம் மாமியார்தான். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய்விடுவேன்.

ஒரு நாள் குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து முறுக்குத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தது. நடக்கத் தொடங்கியிருந்த வயது. விக்கல் எடுத்தது. தண்ணீருக்குக் கையை நீட்டி அழுதது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், மூடிபோட்ட சொம்பில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. உள்ளே தறியில் உட்கார்ந்திருந்த அத்தையைக் கூப்பிட்டார்.

“வந்து ஒரு வாய் தண்ணி குடுத்துட்டுப் போமா.”

அத்தை தறியில் ஓடிய நாடாவை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் சொம்பை எடுத்துப் புகட்டிவிட்டு மறுபடி தறிக்குப் போனாள். குழந்தை அடங்கும்வரை அவர் அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கையெட்டும் தூரத்தில் இருக்கிற சொம்புக்கு, நெய்கிறவளை எழுப்புகிறாரே, எப்பேர்ப்பட்ட சோம்பேறி என்று நான் நினைத்துக்கொண்டேன்.